இன்டர்நெட் ரேடியோ ஆரம்பிக்கிறது: சர்வர் ஒரு சாயங்கால வேலை, பாட்டு உரிமையும் 24 மணி நேரமும்தான் பெரிய வேலை

சின்னதா, சொந்தமா ஒரு இன்டர்நெட் ரேடியோ ஆரம்பிக்கணும்னு ஆசப்படுறவங்க முதல்ல கேக்குறது எந்த மைக் வாங்கலாம், மிக்ஸர் வேணுமாங்கறதுதான். நல்ல கேள்விதான், ஆனா மைக் சரியில்லன்னு மூடுன ஸ்டேஷன நான் பாத்ததில்ல. மூடுறது வேற ரெண்டு விஷயத்தால. பாட்டோட உரிமை யார்கிட்ட இருக்குன்னு பாக்காம சினிமா பாட்ட நம்பி ஆரம்பிக்கிறது ஒண்ணு, ஒரு நாளைக்கு 24 மணி நேரம்ங்கறது எவ்வளவு நீளம்னு ஆரம்பிச்ச பிறகு தெரிய வர்றது இன்னொண்ணு. இது ரெண்டும் முன்னாடியே தெரிஞ்சா ஸ்டேஷனையே வேற மாதிரி அமைப்போம், அதனாலதான் இத எழுதுறேன். அதுக்கு முன்னாடி அடியில என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம், ஏன்னா மாசாமாசம் காசு எங்க போகுதுங்கறது அதுலதான் இருக்கு.

எஃப்.எம் ட்ரான்ஸ்மிட்டர்ங்கறது கோயில் திருவிழாவுல கட்டுற குழாய் ஸ்பீக்கர் மாதிரி, பத்து பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் கரண்ட் செலவு ஒண்ணுதான். இன்டர்நெட்ல அப்படி இல்ல, கேக்குற ஒவ்வொருத்தருக்கும் சர்வர் தனித்தனியா ஒரு காப்பி அனுப்பிக்கிட்டே இருக்கணும், ஆள் கூடக்கூட டேட்டாவும் கூடும். 64 கே.பி.பி.எஸ் (நொடிக்கு 64 கிலோபிட் டேட்டா போற வேகம்) ஸ்ட்ரீம ஒருத்தர் ஒரு மணி நேரம் கேட்டா 28.8 எம்.பி போகும், 128னா ரெட்டிப்பா 57.6 எம்.பி. இப்ப 64லயே ராத்திரி பகல் சேத்து சராசரியா எந்நேரமும் 50 பேர் கேக்குறாங்கன்னு வெச்சுக்கோங்க, மாசத்துக்கு சுமார் 1,037 ஜி.பி, அதாவது ஒரு டெராபைட்டுக்கு கொஞ்சம் மேல. எந்நேரமும் 50 பேர்ங்கறது ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு ரொம்ப நல்ல நிலைமை, அந்த அளவு டேட்டாவ சின்ன வி.பி.எஸ் (மாச வாடகைக்கு கிடைக்குற சர்வர்) ப்ளான்லயே சேத்து குடுக்குறாங்க. அதனால டேட்டா செலவ பாத்து யாரும் பயப்பட வேண்டியதில்ல, ஆனா கணக்கு எப்படி ஏறுதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

வீட்டு கம்ப்யூட்டர்லயே சர்வர ஓட்டிடலாமேன்னு தோணும். ஓடும், பத்து இருபது பேருக்கு. ஆனா நம்ம ஊர்ல வீட்டு பிராட்பேண்ட் கனெக்ஷன்ல பலதுக்கு தனி பப்ளிக் ஐ.பி கிடையாது, ஒரே ஐ.பி பின்னாடி நெறைய வீடு உக்காந்திருக்கும், வெளிய இருந்து யாரும் நம்ம மெஷினுக்கு நேரா வர முடியாது. அதனால வழக்கமான ஏற்பாடு என்னன்னா வீட்ல இருந்து ஒரே ஒரு ஸ்ட்ரீம் மட்டும் மேல ஏத்துறது, வாடகைக்கு எடுத்த சர்வர்ல இருந்து மத்த எல்லாருக்கும் பிரிச்சு அனுப்புறது. மேல ஏத்துறது வெறும் 64 இல்லன்னா 128 கே.பி.பி.எஸ்ங்கறதால ஃபோன் ஹாட்ஸ்பாட்லயே போயிடும், ஊர்த் திருவிழா மேடைக்கு பக்கத்துல உக்காந்து லைவ் பண்றதெல்லாம் இதனாலதான் சாத்தியமாகுது.

இந்த ஏற்பாடு ஒண்ணும் புதுசில்ல. 1993லயே அமெரிக்காவுல கார்ல் மாலமுட் இன்டர்நெட் டாக் ரேடியோன்னு பேச்சு நிகழ்ச்சிய ஃபைலா அனுப்புனாரு, 1994 நவம்பர்ல சாப்பல் ஹில்ல இருக்குற டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சிங்கற மாணவர் ரேடியோ தன்னோட ஒலிபரப்ப அப்படியே நெட்ல விட்டுச்சு. அதுக்கப்புறம் வின்ஆம்ப்ங்கற மியூசிக் ப்ளேயர பண்ண நல்சாஃப்ட் கம்பெனி ஷவுட்காஸ்ட்ங்கற ரேடியோ சர்வர் சாஃப்ட்வேர கொண்டு வந்துச்சு, கிட்டத்தட்ட அதே காலத்துல யார் வேணா இலவசமா எடுத்துக்கற திறந்த மூல சாஃப்ட்வேரா ஐஸ்காஸ்ட் வந்துச்சு. இன்னிக்கும் சின்ன ஸ்டேஷன்கள் நெறைய இந்த ஐஸ்காஸ்ட்லதான் ஓடுது. அத நிறுவுனதும் முதல்ல செய்ய வேண்டியது பாஸ்வேர்ட மாத்துறது, ஏன்னா மாதிரி கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல்ல ஹேக்மி (hackme)ன்னுதான் போட்டிருக்கும், அப்படியே விட்டா உங்க ஸ்டேஷன்ல வேற யாராவது பேசுவாங்க.

ஐஸ்காஸ்ட் தானா எதையும் பாடாது, வர்றத வாங்கி பிரிச்சு குடுக்குற வேல மட்டும்தான் அதுக்கு. அதுக்கு ஒலிய அனுப்ப பட்ங்கற சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, மிக்ஸ் பண்ணணும்னா மிக்ஸ் (மூணு எக்ஸ் போட்டு எழுதுற டி.ஜே சாஃப்ட்வேர்) இருக்கு, ரெண்டும் இலவசம். ஆனா ஸ்டேஷனோட முதுகெலும்பு இதுக்கு நடுவுல இருக்குற லிக்விட்சோப்தான்னு நான் சொல்வேன். ஃப்ரான்ஸ்ல மாணவர்கள் ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் அது, அதுல நீங்க வரிசை எழுதி வைக்கலாம்: லைவ் வந்தா லைவ், லைவ் இல்லன்னா இந்த நேரத்துக்கு உள்ள நிகழ்ச்சி, அதுவும் இல்லன்னா பொது ப்ளேலிஸ்ட், எல்லாம் போச்சுன்னா கடைசியா இந்த ஒரு ஃபைல். வீட்ல கரண்ட் போச்சு, லைவ் அறுந்துச்சுன்னா கேக்குறவங்களுக்கு ஸ்ட்ரீம் நிக்காது, அடுத்ததுக்கு போயிடும். இன்னொரு வசதி, மைக் மியூட்ல இருக்குறது தெரியாம நீங்க பேசிக்கிட்டே இருந்தா, இத்தன நொடிக்கு மேல சத்தமே இல்லன்னு கண்டுபிடிச்சு மாத்திவிடவும் சொல்லி வைக்கலாம். ரேடியோவுல அமைதிதான் மோசமான தப்பு, கேக்குறவங்க நெட் போச்சுன்னு நினைச்சு மூடிட்டு போயிடுவாங்க, திரும்பி வர மாட்டாங்க. கோட் எழுத பிடிக்காதவங்களுக்கு அசுராகாஸ்ட் இருக்கு, அது ஐஸ்காஸ்ட்டையும் லிக்விட்சோப்பையும் ஒண்ணா கட்டி ப்ரவுசர்ல மவுஸ் வெச்சு இயக்குற மாதிரி குடுக்குது, ஒரு சாயங்காலம் போதும், ஸ்டேஷன் ஓட ஆரம்பிச்சுடும்.

ஓட ஆரம்பிச்ச உடனே தமிழ் ஸ்டேஷனுக்குன்னே ஒரு பிரச்சன வரும். எம்.பி.3 ஸ்ட்ரீமுக்கு ஐஸ்காஸ்ட் எழுத்து வகைய லத்தீன்-1னு, அதாவது தமிழ் எழுத்தே இல்லாத வகைன்னு எடுத்துக்கும், அதனால பாட்டுப் பேர தமிழ்ல அனுப்புனா கேக்குறவங்க ஸ்க்ரீன்ல கிறுக்கல் கிறுக்கலா வரும். கான்ஃபிக்ல அந்த மவுண்ட்டுக்கு (சர்வர்ல அந்த ஸ்ட்ரீமோட முகவரி) தமிழும் அடங்குற யு.டி.எஃப்-8 எழுத்து வகைன்னு ஒரு வரி சேத்தா சரியாயிடும், இது தெரியாம பேர எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல போட்டுக்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டுறாங்க, பாவமா இருக்கும். அதே மாதிரி 8000ங்கற போர்ட் எண்ணோட லிங்க் குடுத்தா நெறைய ஆபீஸ் நெட்வொர்க்ல தடுத்துடுவாங்க, பாதுகாப்பான இணையதளத்துக்குள்ள வெச்சா ப்ரவுசரும் மறுக்கலாம், அதனால முன்னாடி என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர போட்டு, பாதுகாப்பான இணையதளங்க வழக்கமா வர்ற 443 போர்ட் வழியாவே அனுப்புறது நல்லது. பேச்சு அதிகம்னா மோனோவுல 64 கே.பி.பி.எஸ் எம்.பி.3 தாராளமா போதும். ஓபஸ் 2012லயே தரமாக்கப்பட்ட நல்ல கோடெக் (ஒலிய சுருக்குற முறை), 32லயே பேச்சு தெளிவா வரும், ஆனா பழைய ஃபோன் எல்லாத்துலயும் ஓடும்னு நம்ப முடியாது, அத ரெண்டாவது ஸ்ட்ரீமா வெச்சுக்கலாம்.

லைவ்ல ஒரு விஷயம் பழகணும், நீங்க பேசுறது அப்பவே போய் சேராது. கேக்குறவர் கனெக்ட் ஆன உடனே ஐஸ்காஸ்ட் 64 கிலோபைட் அளவுக்கு மொத்தமா தள்ளிவிடும், 64 கே.பி.பி.எஸ்ல அதுவே 8 நொடி சத்தம், அதுக்கு மேல ப்ளேயர் தன் பங்குக்கு கொஞ்சம் சேத்து வெச்சுக்கும். அதனால இப்ப மணி சரியா எட்டுன்னு சொன்னா அது எட்டு தாண்டிதான் கேக்கும், ஃபோன்ல கூப்பிடுற நேயர்கிட்ட பக்கத்துல ஓடுற ரேடியோவ நிறுத்தச் சொல்லணும், இல்லன்னா அவர் குரலே அவருக்கு பின்னாடி வந்து குழப்பும். சத்த அளவும் முக்கியம், ஒரு பேட்டி முணுமுணுன்னும் அடுத்த பாட்டு காதப் பொளக்குற மாதிரியும் வரக்கூடாது, எல்லா ஃபைலையும் −16 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்கு கேக்குற சத்தத்தோட அளவு) பக்கமா கொண்டு வந்துட்டு ஏத்துனா பாதி ஸ்டேஷனவிட நல்லா கேக்கும். மைக்குக்கு செலவு பண்றதுக்கு பதிலா ஜன்னலுக்கு கனமா திரை போடுங்க, ஃபேன நிறுத்துங்க.

இப்ப உரிமை விஷயம். இதுலதான் நெறைய பேர் தெரிஞ்சே கண்ண மூடிக்கிறாங்க.

ஒரு சினிமா பாட்டுல குறைஞ்சது மூணு உரிமை இருக்கு. வரிக்கு ஒண்ணு, மெட்டுக்கு ஒண்ணு, பதிவான ஒலிக்கு ஒண்ணு. இந்திய காப்புரிமைச் சட்டம் 1957 படி வரிக்கும் மெட்டுக்கும் எழுதுனவர் இறந்த பிறகு 60 வருஷம், ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 வருஷம், ரெண்டுமே அடுத்த வருஷ ஆரம்பத்துல இருந்து எண்ணணும். அப்ப 1960ல வந்த ஒரு பாட்டோட ஒலிப்பதிவு உரிமை 2020 கடைசியோட முடிஞ்சுது. உடனே சந்தோஷப்பட்டு போட்டுட முடியாது. அத எழுதுனது கண்ணதாசன்னா அவர் இறந்தது 1981, வரியோட உரிமை 2041 கடைசி வரைக்கும் இருக்கு. மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதன் போட்டதுன்னா அவர் 2015ல இறந்தாரு, அது 2075 வரைக்கும். பழைய பாட்டுதானேன்னு நினைக்கிற பாட்டு நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் பழசாகல.

சரி, காசு கட்டி முறையாவே போடலாமேன்னா அங்கதான் இன்டர்நெட் ரேடியோ மாட்டிக்குது. 2012ல சட்டத்த திருத்துனப்ப 31டின்னு ஒரு பிரிவு சேத்தாங்க. அதுபடி ரேடியோ, டிவி ஒலிபரப்பு பண்றவங்க உரிமையாளர்கிட்ட போய் கெஞ்ச வேண்டாம், முன்கூட்டி நோட்டீஸ் குடுத்து, நிர்ணயிச்ச கட்டணத்த கட்டிட்டு ஏற்கனவே வெளியான பாட்ட போடலாம். இன்டர்நெட்டும் இதுல வரும்னு 2016ல மத்திய அரசு துறை ஒண்ணு குறிப்பு விட்டுச்சு. ஆனா டிப்ஸ் இசை கம்பெனி விங்க்ங்கற பாட்டு ஆப் மேல போட்ட வழக்குல 2019ல பம்பாய் உயர்நீதிமன்றம் அது செல்லாது, 31டி இன்டர்நெட்டுக்கு கிடையாதுன்னு சொல்லிடுச்சு, 2022ல இரு நீதிபதி அமர்வும் அதையே உறுதி பண்ணிச்சு. வழக்கு ஒரு பெரிய ஸ்ட்ரீமிங் ஆப் மேல, ஆனா அடி நம்ம மாதிரி வீட்டு மூலையில ஓடுற ஸ்டேஷனுக்கும் சேத்துதான். பல கோடி ரூபா எஃப்.எம் கம்பெனிக்கு சட்டம் போட்டுக் குடுத்த வழி இருக்கு, 50 பேர் கேக்குற ஸ்டேஷனுக்கு அந்த வழி இல்ல, ஒவ்வொரு உரிமையாளரா பேசித்தான் வாங்கணும். இது நியாயமே இல்லன்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா இன்னிக்கு நிலைமை இதுதான், இத தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும்.

பேசி வாங்குறதுன்னா வரி, மெட்டு பக்கம் ஐ.பி.ஆர்.எஸ்ங்கற சங்கம், ஒலிப்பதிவு பக்கம் பி.பி.எல்ங்கற அமைப்பு, அதுலயும் பெரிய கம்பெனிங்க சிலது சங்கத்துக்கு வெளிய தனியாத்தான் உரிமம் குடுப்பாங்க, ஒரு இடத்துல வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு இல்ல. அதோட உரிமம் நாட்டுக்கு நாடு வேற. ரேடியோ கார்டன்னு உலக உருண்டைய சுத்தி சுத்தி ஸ்டேஷன் கேக்குற தளம் இருக்குல்ல, 2022ல இருந்து பிரிட்டன்ல இருக்குறவங்களுக்கு அதுல பிரிட்டன் ஸ்டேஷன் மட்டும்தான் கேக்குற மாதிரி கட்டுப்படுத்துனாங்க, காரணம் இந்த உரிமம்தான். அமெரிக்காவுல இணைய ரேடியோவுக்குன்னே சட்டப்படியான உரிமம் 1998ல இருந்து இருக்கு, சவுண்ட்எக்ஸ்சேஞ்ச்ங்கற அமைப்பு ஒலிப்பதிவுக்கான பணத்த வசூலிச்சு பிரிச்சு குடுக்குது, பதிலுக்கு மூணு மணி நேரத்துல ஒரே ஆல்பத்துல இருந்து மூணு பாட்டுக்கு மேல போடக்கூடாதுங்கற மாதிரி நிபந்தனையும் உண்டு. அங்கயும் நிம்மதி இல்ல. 2007ல கட்டணத்த ஏத்தி உத்தரவு வந்தப்ப ஜூன் 26 அன்னிக்கு ஸ்டேஷன்கள் பலதும் ஒரு நாள் பூரா பாட்ட நிறுத்தி எதிர்ப்பு காட்டுனாங்க. 2015 முடிவுல சின்ன ஸ்டேஷன்களுக்கு இருந்த சலுகைக் கட்டணம் காலாவதியாச்சு, அடுத்த மாசமே லைவ்365ங்கற தளம் மூடிச்சு, அத நம்பி இருந்த ஆயிரக்கணக்கான சின்ன ஸ்டேஷன்களோட குரல் ஒரே நாள்ல போச்சு. லைவ்365 அடுத்த வருஷம் வேற கைக்கு மாறி திரும்பி வந்துச்சு, ஸ்டேஷன்கள் எல்லாம் திரும்பி வரல.

இத்தனையும் சொல்றது பயமுறுத்த இல்ல. சினிமா பாட்டு இல்லாமலே ஒரு தமிழ் ஸ்டேஷன நிரப்ப நம்மகிட்ட வேற மொழிக்காரங்களுக்கு அவ்வளவா இல்லாத ஒரு வசதி இருக்கு, அதுதான் நாட்டுடைமை. கல்கி, புதுமைப்பித்தன், பாரதிதாசன், அண்ணான்னு நெறைய பேரோட எழுத்த தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு தொகை குடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கு, யார் வேணா பதிப்பிக்கலாம், யார் வேணா குரல் குடுத்து வாசிக்கலாம், நாடகமா போடலாம். இது முதல்ல ஆரம்பிச்சதே பாரதியார்லதான், அந்தக் கத ரேடியோக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய கத. பாரதி பாட்ட இசைத்தட்டாவும் வானொலியிலும் போடுற உரிமை ஒரு கட்டத்துல ஏ.வி.மெய்யப்பன்ங்கற தனி ஒருத்தர் கையில இருந்துச்சு, பாரதி பாட்டு மக்களுக்கு சொந்தம்னு தமிழ்நாட்டுல பெரிய குரல் எழும்பித்தான் 1949ல அரசாங்கம் வாங்குச்சு. ஒரு கவிஞனோட பாட்ட காத்துல விட யார்கிட்ட அனுமதி கேக்கணும்ங்கற சண்டைய நம்ம ஊரு அப்பவே போட்டு ஜெயிச்சிருக்கு.

இதுலயும் ஒரு நுணுக்கம் கவனிக்கணும். பாரதியோட வரி எல்லாருக்கும் பொது, ஆனா ஒரு படத்துல அதுக்கு போட்ட மெட்டு அந்த இசையமைப்பாளரோடது, பதிவு அந்த கம்பெனியோடது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வரி நாட்டுடைமை, அவர் பாட்டோட சினிமா பதிவு அப்படி இல்ல. தியாகராஜர் கீர்த்தனை 1847க்கு முன்னாடி பொறந்தது, ஆனா அத போன மாசம் பாடுனவங்களோட பதிவு அவங்களோடது, பாடகருக்குன்னு தனி உரிமையும் 50 வருஷம் உண்டு. வழி எளிமையானது: உள்ளூர்ல பாடத் தெரிஞ்ச பிள்ளைங்கள கூப்பிட்டு சொந்த மெட்டுல பாடச் சொல்லி நீங்களே பதிவு பண்ணுங்க, இந்த ஸ்டேஷன்ல ஒலிபரப்ப சம்மதம்னு ஒரு பக்கம் எழுதி கையெழுத்து வாங்குங்க, முடிஞ்சா அவங்களுக்கு ஒரு தொகை குடுங்க. நாதஸ்வரம், வில்லுப்பாட்டு, தெருக்கூத்து ராகம், பாட்டிங்க பாடுற தாலாட்டு எல்லாமே இப்படித்தான். கைவசம் இந்த மாதிரி 100 மணி நேரம் இருக்குற ஸ்டேஷன எந்த கம்பெனி நோட்டீஸும் அசைக்க முடியாது, அதுக்கு மேல அந்தச் சரக்கு எந்தப் பெரிய ஆப்லயும் கிடைக்காது.

இது ஆகுமான்னு கேட்டா பாம்பன் கடல் ஓசைய பாருங்க. அது இணைய ரேடியோவா ஆரம்பிச்சதில்ல, 2016 ஆகஸ்ட்ல தொடங்குன 90.4 சமுதாய எஃப்.எம், மீனவங்களுக்காகவே நடக்குது, கடல் நிலவரம், வானிலை, அவங்க பேச்சு, அவங்க பாட்டு. அத கேக்குறவங்க புதுப்பட பாட்டு கேக்குறதுக்காக வரல, தங்களுக்கு வேண்டியது வேற எங்கயும் வராதுங்கறதால வர்றாங்க. சமுதாய வானொலிக்கு கல்வி நிறுவனம், தொண்டு அமைப்பு மாதிரி யாராவதுதான் அனுமதி வாங்க முடியும், அலைவரிசை ஒதுக்கீடு, ட்ரான்ஸ்மிட்டர், கோபுரம்னு வரிசையா இருக்கு. இணையத்துல அலைவரிசையே இல்லாததால அந்தப் படி இல்ல, தனி ஆளே தொடங்கலாம். ஆனா செய்தி சொல்றதா இருந்தா 2021ல வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்ல டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளருக்கு உள்ள பகுதிய ஒருதடவ படிச்சுட்டு இறங்குங்க, புகார் வாங்க ஒரு ஆள் பேர் போடணும்ங்கற மாதிரி கடமை எல்லாம் அதுல இருக்கு.

கடைசியா அந்த 24 மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். ரெண்டு பேர் வேலைக்கு போயிக்கிட்டே ராத்திரி உக்காந்து தயாரிச்சா வாரத்துக்கு நாலு மணி நேரம் புது நிகழ்ச்சி வந்தாலே பெருசு, ஒரு மணி நேர பேட்டிய வெட்டி ஒட்டி சத்தம் சரிபண்ண மூணு நாலு மணி நேரம் போயிடும். அதனால 168ஐயும் புதுசா நிரப்பப் பாக்காதீங்க, மூணே மாசத்துல களைச்சுப்போவீங்க. நாலு மணி நேரம் ஓடுற நிகழ்ச்சிக் கட்டு ஒண்ணு தயார் பண்ணி அத ஒரு நாள்ல ஆறு தடவ சுத்த விடலாம். இது ஏமாத்து இல்ல, தமிழ் கேக்குறவங்க இருக்குற இடத்த பாத்தா இதுதான் சரி. சென்னையில சாயங்காலம் 7 மணின்னா சிங்கப்பூர்ல ராத்திரி ஒம்பதரை, லண்டன்ல குளிர்காலத்துல மதியம் ஒண்ணரை, டொராண்டோவுல காலைல எட்டரை. நீங்க ஒரு தடவ மட்டும் 7 மணிக்கு போட்டா டொராண்டோக்காரர் வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு, லண்டன்காரர் வேலையில இருப்பாரு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ சுத்தி வந்தா எல்லாருக்கும் அவங்கவங்க சாயங்காலம் ஒரு தடவ கிடைக்கும். அதுக்கு நடுவுல வாரத்துக்கு ஒரே ஒரு லைவ் மட்டும் நேரம் தவறாம வைங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 7னா 7தான்.

ஸ்டேஷன ரேடியோ ப்ரவுசர்ங்கற பொது பட்டியல்ல சேத்துடுங்க, காசு கிடையாது, நெறைய ரேடியோ ஆப் அதுல இருந்துதான் எடுக்குது. பேர், மொழி, ஊர், லோகோ நாலும் சரியா போடுங்க, மொழி தமிழ்னு குறிக்காம விட்டா தேடுறவங்க கண்ணுல படாது. ஐஸ்காஸ்ட்டோட வெப் பக்கத்துல அந்த நிமிஷம் எத்தன பேர் கேக்குறாங்கன்னு காட்டும், அத பாத்துக்கிட்டே உக்காராதீங்க, மாசத்துக்கு ஒரு தடவ எந்த நிகழ்ச்சி ஓடுறப்ப ஆள் நிக்குது, எதுல கிளம்புதுன்னு மட்டும் லாக்ல பாருங்க. அத வெச்சு அடுத்த மாச நாலு மணி நேர கட்டுல எத எடுக்கணும், எத முன்னாடி கொண்டு வரணும்னு முடிவு பண்ணலாம்.